ஏழு

திங்கட்கிழமை ராத்திரி, படிப்பு மணி முடிகிற நேரம்,
ஆளுக்கொரு துண்டுக் காகிதம் வரும்.
இந்த வாரம் எப்படி இருக்கிறாய், பத்துக்கு எத்தனை?

ஏழு போடுவோம். எல்லோரும்.
எட்டென்றால் அடுத்த வாரம் இறங்க வேண்டியிருக்கும்.
ஆறென்றால் மிஸஸ் ஹெஸ்லோப் வருவார்,
விரல்முட்டியால் கதவில் இரண்டு தட்டு,
"ஒரு நிமிஷம் இருக்கா?"
அந்த ஒரு நிமிஷம் முக்கால் மணி நேரம்.
ஏழு, யாரும் திரும்பிப் பார்க்காத எண்.
மழைக்கோட்டைப் போல மாட்டிக்கொண்டு
உள்ளே எப்படி வேண்டுமானாலும் இருக்கலாம்.

ஒட்டாகோவில் ஆகஸ்ட் என்றால்
நெட்பால் தளத்தில் உப்புத் தூவியதுபோல் உறைபனி.
ஆறரைக்குப் பயிற்சி. விசில் உதட்டில் ஒட்டுகிறதென்று
பயிற்சியாளர் அதைக் கையுறைக்குள் பொத்தி வைத்திருப்பார்.
திரும்பி வந்தால் வெந்நீர் ஆளுக்கு நான்கு நிமிஷம்.
லோசலீன் அதில் இரண்டைப் பாட்டுக்கே செலவழித்துவிட்டு
காதில் நுரையோடு வெளியே வருவாள், கவலையில்லை அவளுக்கு.
உலர்த்தும் அறையில் நாற்பது ஜோடி ஷூக்கள்
ஒரே ஈரநாயின் வாசனையில் தூங்கும்.
ஒன்பது மணிக்கு ஃபோன்களை வாங்கித்
துணிப்பைகளில் செருகித் தொங்கவிடுவார்கள்.
இருட்டில் அவை ஒவ்வொன்றாய் ஒளிரும்,
யாரோ ஒருத்தியின் அம்மா, யாரோ ஒருத்தியின் அம்மா.

மெரின் எங்கள் சென்டர்.
ஜூலையில் முழங்கால் போனது.
பக்கத்தில் நின்ற எனக்குச் சத்தம் கேட்டது,
காய்ந்த குச்சி ஒடிவதுபோல்கூட இல்லை, ஈரக்குச்சி.
பிறகு கீழ்த்தள அறைக்கு மாறினாள்,
ஆரஞ்சு வெட்டினாள், ஸ்கோர் எழுதினாள்,
எங்கள் எல்லோரையும்விட உரக்கச் சிரித்தாள்.
சி எழுத்துப் போட்ட அவள் மேற்சட்டை எனக்கு வந்தது.
தொளதொள. துவைத்தும் அவள் வியர்வை போகவில்லை,
அல்லது போகவில்லை என்று எனக்குத் தோன்றியது.

போன திங்கள் அவள் நான்கு போட்டாள்.
மறைக்கவில்லை. பேனாவால், பெரிதாக,
எங்கள் கண் முன்னாலேயே.
கெய்ட்டா மேசைக்கடியில் என் காலை உதைத்தாள்.
எனக்குக் கோபம்தான் வந்தது, சொல்கிறேனே,
பேசாமலே நாங்கள் செய்துகொண்ட ஒப்பந்தத்தை
ஒருத்தி கிழித்துப் போட்டதுபோல்.

மறுநாள் காலை உலர்த்தும் அறைத் தரையில்
அவளும் மிஸஸ் ஹெஸ்லோப்பும் உட்கார்ந்து
அனாதைக் காலுறைகளை ஜோடி சேர்த்துக்கொண்டிருந்தார்கள்.
ஐம்பத்து மூன்றில் ஆறு ஜோடிதான் தேறியதாம்.
என்ன சொன்னார், என்று மொய்த்தோம்.
"ஒன்றும் சொல்லவில்லை. உங்களுக்கு எத்தனை என்று கேட்டேன்.
மே மாதத்திலிருந்து ஐந்தாம்."

மிஸஸ் ஹெஸ்லோப்புக்கு ஐந்து.
ஓட்ஸ் கஞ்சியைக் கிண்டும் கைக்கு ஐந்து.
தெர்மாமீட்டர், மாத்திரை, விடுப்புக் கடிதம்,
குப்பைத் தொட்டியில் கிடைத்த கெய்ட்டாவின் பல்கிளிப்,
எல்லாவற்றையும் சுமந்து மாடிக்கும் கீழுக்கும் அலைகிற
அந்த ரப்பர் செருப்புக்கு ஐந்து.
அன்று யாரும் கஞ்சி ஆறிவிட்டதென்று முனகவில்லை.
அடுத்த நாள் முனகினோம்.

சனிக்கிழமை பத்தொன்பது கோல் வித்தியாசத்தில் தோற்றோம்.
இரண்டு முறை பந்தை எதிரணியிடமே நீட்டினேன்,
பரிசு வழங்குவதுபோல், மரியாதையாக.
கோட்டுக்கு வெளியே ஊன்றுகோலைத் தூக்கி
மெரின் கத்தினாள்: "மூச்சு விட மறந்துட்ட! மூச்சு விடு!"
நடுவர் அவளை ஒரு பார்வை பார்த்தார்.
நான் விட்டேன். வெள்ளையாய், ஒரு குதிரையினுடையதைப் போல.

இன்று திங்கள். காகிதம் வந்தது.
ஏழு போட்டேன். அடித்தேன்.
ஆறு போட்டேன்.
அதையும் அடிக்கப் போய், பேனாவை மூடிவிட்டேன்.
காகிதங்களை வாங்கிப் போவது இந்த வாரம் மெரினின் முறை.

விளக்கணைத்துப் பத்து நிமிஷம்.
மிஸஸ் ஹெஸ்லோப்புக்கு இன்றிரவு விடுமுறை
என்பது ஞாபகம் வந்ததும்
நிம்மதியா ஏமாற்றமா தெரியாமல் போர்வையை இழுத்தேன்.
கதவில் இரண்டு தட்டு.
விரல்முட்டி இல்லை, ரப்பர் முனை.
படிகள் இருபத்திரண்டு, அந்தக் காலோடு.
"ஒரு நிமிஷம் இருக்கா?"
இல்லை, என்றேன்.
லோசலீன் தூக்கத்திலேயே நகர்ந்து
தன் கட்டிலில் இடம் விட்டாள்.